படையெடுப்பு: ஒரு மரியாதையற்ற வரலாறு

பாலூட்டிகளைப் பிடிக்கும் பூஞ்சைகளின் வரலாறு ஒரு புழுவில் தொடங்குகிறது. பாலூட்டிகளாகிய நமக்கு இது கொஞ்சம் கௌரவக் குறைச்சல்தான். ஆனால் ஓசூர், தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. நேற்றுவரை மல்பெரி இலையைக் கரகரவென்று தின்றுகொண்டிருந்த புழு, நாலு நாள் ஈரமும் குளிரும் சேர்ந்தால் மந்தமாகும், சாகும், விறைக்கும். பிறகு உடம்பெல்லாம் வெள்ளைப் பொடி பூக்கும். எடுத்து வளைத்தால் டக்கென்று ஒடியும். சுண்ணக்கட்டு நோய் என்பார்கள். ஒரு தட்டில் ஒரு புழுவுக்கு வந்தால், மிச்சத் தட்டுகளைப் பார்த்து வீட்டுக்காரருக்கு வயிற்றைக் கலக்கும்.

இதே வெள்ளைப் பொடிதான் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியில் லோடி ஊர்ப் பக்கம் அகோஸ்டினோ பாஸி என்பவரின் வயிற்றையும் கலக்கியது. பாஸி சட்டம் படித்தவர். அரசாங்க உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தார். கண் பார்வை மங்கியதும் உத்தியோகத்தை விட்டுவிட்டு நிலத்தோடு உட்கார்ந்தார். பார்வை மங்கியவர் தேர்ந்தெடுத்த பொழுதுபோக்கு மைக்ரோஸ்கோப். இப்படிப்பட்டவர்களை வீட்டில் யாரும் தடுக்க முடியாது. புழுக்களைச் சூடாக்கினார், குளிரில் வைத்தார், மருந்து கொடுத்தார், பட்டினி போட்டார். புழுக்கள் செத்தன, ஆனால் சுண்ணக்கட்டி ஆகவில்லை. கால் நூற்றாண்டுக்கும் மேல் இப்படிப் போராடி, 1835-இல் புத்தகம் போட்டார்: காற்றும் காரணமில்லை, கிரகமும் காரணமில்லை, அந்த வெள்ளைப் பொடி உயிருள்ள ஒரு பூஞ்சை, அது ஒட்டினால் நோய். ஒரு விலங்கின் நோய்க்குக் கண்ணுக்குத் தெரியாத உயிர்தான் காரணம் என்று நிரூபித்த முதல் ஆள் இவர்தான். லூயி பாஸ்டர் பட்டுப்புழு விவகாரத்தில் இறங்கியது 1865-இல். ஆனால் பள்ளிக்கூடப் பாடத்தில் பாஸ்டருக்குத்தான் படம் போடுகிறார்கள். பாஸிக்குக் கிடைத்தது அந்தப் பூஞ்சையின் பெயரில் பாதி: பூவேரியா பாஸியானா. புழுவைக் கொல்லும் ஜந்து நம் பெயரைச் சுமக்கிறது என்று பெருமைப்படலாமா, மானநஷ்ட வழக்குப் போடலாமா என்பது வக்கீலுக்கே வெளிச்சம்.

ஜூரிச்சில் யோஹான் லூகாஸ் ஷோன்லைன் என்ற பேராசிரியர் பாஸியின் சேதியைப் படித்தார். நோயுற்ற பட்டுப்புழுக்களை வரவழைத்துத் தானும் சோதித்தார். பிறகு அவருக்கு ஒரு விபரீத யோசனை வந்தது: புழுவுக்கு வருவது பிள்ளைகளுக்கு ஏன் வரக்கூடாது? அந்தக் காலத்து ஐரோப்பாவில் ஏழைப் பிள்ளைகளின் தலையில் மஞ்சள் மஞ்சளாகப் பொருக்கு கட்டி, எலி நாற்றம் அடிக்கும் ஒரு நோய் இருந்தது. ஃபாவஸ் என்று பெயர். கெட்ட ரத்தம், கெட்ட வளர்ப்பு, பரம்பரை தோஷம் என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஷோன்லைன் ஒரு பொருக்கைப் பிய்த்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தார். பூஞ்சை. 1839-இல் ஒரு பக்கம்கூட நிரம்பாத கடிதமாக எழுதி பத்திரிகைக்கு அனுப்பிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டார். மனித நோய்க்கு ஒரு நுண்ணுயிரைப் பொறுப்பாக்கிய முதல் சேதி அது. இன்று ஒரு பூஞ்சைக்குப் புதுப் பெயர் வைப்பதற்கே முப்பது பேர் கையெழுத்துப் போடுகிறார்கள்.

பெர்லினில் ராபர்ட் ரேமாக் அதே பொருக்கில் அதே நூல்களை ஷோன்லைனுக்கு முன்பே பார்த்திருந்தார். என்னவென்று அடித்துச் சொல்லத் தைரியமில்லை. யூதர் என்பதால் பிரஷ்யாவில் பேராசிரியர் பதவியும் கிடையாது. சந்தேகம் தீரப் பொருக்கை எடுத்துத் தன் முன்கையிலேயே வைத்துக் கட்டிக்கொண்டார். சில முறை பிடிக்கவில்லை, பிறகு பிடித்தது, மனிதர் சந்தோஷப்பட்டார். 1845-இல் அதற்கு அகோரியான் ஷோன்லைனி என்று பெயர் சூட்டினார். சொறிந்தது ஒருவர், பெயர் இன்னொருவருக்கு. விஞ்ஞானத்தில் இதற்கு நன்றியறிதல் என்று பெயர்.

பாரிசில் டேவிட் க்ரூபியின் கதை இன்னும் சோகம், ஆகவே இன்னும் தமாஷ். ஹங்கேரியிலிருந்து வந்த இவரும் யூதர். 1841 முதல் 1844 வரை தலைப்படை, தாடிப்படை என்று ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பூஞ்சையைக் கையும் களவுமாகப் பிடித்தார். 1843-இல் ஒன்றுக்கு மைக்ரோஸ்போரம் ஆடுவானி என்று பெயர் வைத்தார். ஆடுவான் யார் என்றால், பட்டுப்புழுவின் சுண்ணக்கட்டு நோயை ஆராய்ந்த பிரெஞ்சுக்காரர். விட்டதா பாருங்கள் புழு! ஆனால் க்ரூபி நோயின் பெயரைக் குழப்பிவிட்டார். தலைப்படை என்று எழுத வேண்டிய இடத்தில் நாம் புழுவெட்டு என்போமே, அந்த வழுக்கைத் திட்டுக்கு உரிய பெயரை எழுதிவிட்டார். பாரிஸ் டாக்டர்கள் ஓடிப்போய்ப் புழுவெட்டுத் தலைகளில் பூஞ்சையைத் தேடினார்கள். இல்லாத இடத்தில் எப்படி இருக்கும்? ஆகவே க்ரூபி சொன்னது அத்தனையும் பொய் என்று தீர்ப்பாயிற்று. க்ரூபி தோளைக் குலுக்கிவிட்டுப் பணக்காரர்களுக்கு வைத்தியம் பார்க்கப் போனார். ஷோபேன், லிஸ்ட், அலெக்சாந்தர் டூமா எல்லாரும் அவரிடம் வந்தார்கள். டூமாவைத் தினமும் விடியற்காலையில் வெற்றி வளைவுக்கு நடந்துபோய் ஆப்பிள் தின்னச் சொன்னார் என்று ஒரு கதை உண்டு. அரை நூற்றாண்டு கழித்து, அவர் சொன்னது சரிதான் என்று பாரிஸ் ஒப்புக்கொண்டபோது க்ரூபிக்கு எண்பது வயது தாண்டிவிட்டது.

அப்படி ஒப்புக்கொள்ள வைத்தவர் ரெய்மோன் சபுரோ. செயின்ட் லூயி ஆஸ்பத்திரியில் படை வந்த பிள்ளைகளுக்கென்றே ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. முடியை ஒவ்வொன்றாகப் பிடுங்குவதுதான் வைத்தியம். வைத்தியம் முடிவதற்குள் பையனுக்கு மீசை முளைத்துவிடும். 1904-இல் சபுரோ எக்ஸ்ரே வைத்து ஒரே அமர்வில் மொத்த முடியையும் உதிர வைத்தார். எவ்வளவு கதிர் என்று எப்படித் தெரியும்? பக்கத்தில் ஒரு வில்லை வைப்பார்கள். அதன் நிறம் மாறினால் போதும், நிறுத்து. ஊரே கொண்டாடியது. அந்தப் பிள்ளைகளின் தலைக்குள் என்ன ஆயிற்று என்று கணக்குப் பார்க்கப் பல பத்தாண்டுகள் பிடித்தன. 1950-களில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இதே எக்ஸ்ரேயைக் கொடுத்து, பின்னாளில் கட்டிகள் வந்து, 1994-இல் நஷ்டஈட்டுச் சட்டமே போட வேண்டியதாயிற்று. இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. தாண்டிப் போகிறேன்.

சபுரோ பூஞ்சை வளர்க்க ஒரு கூழ் தயாரித்தார். குறிப்பிட்ட கடைச் சர்க்கரை, குறிப்பிட்ட கம்பெனிப் பெப்டோன். பிராண்டு மாற்றினால் பூஞ்சை வேறு ரூபம் எடுக்கும் என்று கறாராக எச்சரித்தார். எச்சரித்தது நூற்றுக்கு நூறு சரி. அவர் பிடித்த வகைப்பாட்டின் அஸ்திவாரமே அந்த ரூபம்தான் என்பதுதான் வேடிக்கை. மேலே பஞ்சா, மாவா? அடியில் மஞ்சளா, சிவப்பா? 1910-இல் வந்த அவருடைய தடிப் புத்தகத்தில் 4 பேரினம், 45 இனம். அவ்வளவுதான், கதவு திறந்துவிட்டது. ஊருக்கு ஒரு டாக்டர், டாக்டருக்கு ஒரு கூழ், கூழுக்கு ஒரு நிறம், நிறத்துக்கு ஒரு புது இனம். 1930-களில் எண்ணிக்கை நூறைத் தாண்டியது. 1934-இல் அமெரிக்கர் செஸ்டர் எம்மன்ஸ் தலையிட்டு, வித்துகளின் வடிவம் மட்டும்தான் செல்லும் என்று சொல்லி மூன்றே பேரினமாகச் சுருட்டினார்: ட்ரைகோஃபைட்டான், மைக்ரோஸ்போரம், எபிடெர்மோஃபைட்டான். ரேமாக் கையைக் கொடுத்து வாங்கிய அகோரியான் அன்றோடு காலி.

இதற்கிடையில் நம் பக்கத்துக் கதை. பிரிட்டிஷ் துரைமார்களுக்குத் தொடையிடுக்கில் அரிப்பு வந்தது. மே மாத வெயிலில் கம்பளி நிஜார் போட்டால் வராமல் என்ன செய்யும்? ஆனால் துரை உடம்பில் தப்பு இருக்க முடியாதே! எனவே துணி வெளுப்பவர் மேல் பழி போட்டு 'டோபி இட்ச்' என்று பெயர் வைத்தார்கள். பெயர் மருத்துவப் புத்தகங்களிலும் ஏறியது. கொழும்பில் வேலை பார்த்த ஆல்டோ காஸ்டெல்லானி என்ற இத்தாலியர் துரைமார்களின் இடுக்கைச் சுரண்டிப் பார்த்து, காரணம் பூஞ்சைதான் என்று காட்டினார். 1910-இல் அவர் விவரித்த இன்னொன்றுதான் இன்று உலகத்திலேயே அதிகமான கால்விரல் இடுக்குகளில் குடித்தனம் நடத்தும் ட்ரைகோஃபைட்டான் ரூப்ரம். காஸ்டெல்லானி பிற்பாடு முசோலினியின் படைக்கு வைத்தியம் பார்த்தார். அவர் பெயரில் உள்ள சிவப்பு மருந்து இன்றும் படைக்குத் தடவப்படுகிறது. எந்தப் படைக்கு என்று கேட்காதீர்கள்.

சலவைத் தொழிலாளி முழு நிரபராதியும் அல்ல. துணி மாறாமல் இருக்க அவர் சேராங்கொட்டைச் சாற்றில் குறி போடுவார். இரண்டாம் உலகப் போரில் இந்தியாவுக்கு வந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்குக் கழுத்துப் பட்டையில் குறி இருந்த இடத்தில் தோல் வெந்தது. 1943-இல் டாக்டர்கள் கண்டுபிடித்து எழுதினார்கள். ஆக அவர் செய்யாத குற்றத்துக்குப் பெயர் வாங்கினார். செய்த குற்றத்துக்கு யாரும் அவரைக் கேட்கவே இல்லை.

மதுரைக்கு இதைவிடப் பெரிய அநியாயம். 1842-இல் மதுரை மருந்தகத்தில் ஜான் கில் என்பவர், பாதம் வீங்கி, துளை துளையாகி, குருணை குருணையாக ஏதோ வெளிவரும் நோயை எழுதி வைத்தார். கொஞ்ச நாளில் அது 'மதுரா ஃபுட்' ஆயிற்று. சூடானிலும் உண்டு, மெக்சிகோவிலும் உண்டு. ஆனால் பெயர் மட்டும் மீனாட்சி பட்டணத்துக்கு. பம்பாயில் ஹென்றி வாண்டைக் கார்ட்டர், உடற்கூறு மாணவர்கள் இன்றும் புரட்டும் கிரே புத்தகத்துக்குப் படம் வரைந்த அதே கார்ட்டர், 1860 வாக்கில் இது பூஞ்சை என்று சொன்னார். பாதி சரி. மீதிப் பாதி நோயாளிகளுக்குக் காரணம் பாக்டீரியா. அந்தப் பாக்டீரியாவுக்கும் ஆக்டினோமதுரா என்றே பெயர் வைத்து மதுரையை இரண்டாம் தடவையும் இழுத்தார்கள். பூஞ்சைக் கோஷ்டிக்கு மதுரெல்லா. அதில் மதுரெல்லா க்ரிசியா என்று ஒன்று நெடுங்காலம் கௌரவமாக இருந்தது. டிஎன்ஏ எடுத்துப் பார்த்தால் அதற்கும் மதுரெல்லா மைசெடோமேடிஸுக்கும் ஸ்நானப் பிராப்தி கூட இல்லை. 2014-இல் ட்ரெமடோஸ்ஃபேரியா என்று பெயர் மாற்றி வெளியே அனுப்பினார்கள். மதுரைக்காரர்கள் ஒரு மாலை போட்டு வழியனுப்பியிருக்கலாம்.

குதிரைக்கு வருவோம். ஓசூருக்குப் பக்கத்து மத்திகிரியில் கால்நடைப் பண்ணை இருக்கிறதல்லவா, அது 19-ஆம் நூற்றாண்டில் மெட்ராஸ் ராணுவத்துக்குக் குதிரை தயார் செய்யும் இடம். சீதோஷ்ணம் நல்லது, பெங்களூர் தண்டு பக்கம், புல்லுக்குப் பஞ்சமில்லை. குதிரைப்படையில் படை வந்த குதிரைகள் இருந்தனவா என்று மத்திகிரிக் காற்றைத்தான் கேட்க வேண்டும். பிரான்சில் இருந்தன. 1898-இல் மாத்ருஷோ என்ற தாவரவியலாளரும் தசோன்வில் என்ற ராணுவக் கால்நடை மருத்துவரும் சேர்ந்து அவற்றிலிருந்து எடுத்ததுதான் ட்ரைகோஃபைட்டான் ஈக்வைனம். ஒரே சேணம், ஒரே தேய்க்கும் பிரஷ், லாயம் முழுக்கப் பரவல்.

இந்தக் குதிரைப் பூஞ்சைக்கும், குழந்தைகளின் தலையிலும் ஜப்பானிய ஜூடோ வீரர்களின் கழுத்திலும் வரும் ட்ரைகோஃபைட்டான் டான்சுரன்ஸுக்கும் கண்ணுக்கு வித்தியாசம் சொல்வது கஷ்டம். 1950-களில் லூசில் ஜார்ஜ் என்ற அமெரிக்கப் பெண்மணி ஒரு வழி சொன்னார்: எதற்கு எந்த வைட்டமின் இல்லாவிட்டால் கை கால் ஓடாது என்று பாருங்கள். குதிரைப் பூஞ்சைக்கு நிக்கோட்டினிக் அமிலம் வேண்டும். தலைப் பூஞ்சைக்குத் தயமின் வேண்டும். மாட்டின் மேல் வரும் வெருகோசத்துக்குத் தயமினும் வேண்டும், பெரும்பாலும் இனோசிடாலும் வேண்டும். வரிசையாக ஏழு கூழ், ஒவ்வொன்றிலும் ஒரு டானிக் கூட்டியோ குறைத்தோ இருக்கும். நியூசிலாந்துக் குதிரைப் பூஞ்சை மட்டும் எந்த டானிக்கும் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அதற்குத் தனிப் பட்டம் கொடுத்து ஒதுக்கி வைத்தார்கள்.

டிஎன்ஏ வந்த பிறகு அம்பலமானது இதுதான்: ஈக்வைனமும் டான்சுரன்ஸும் ஏறக்குறைய ஒன்றே. அதோடு இன்னொன்று. பூஞ்சைகளில் ஆண், பெண் கிடையாது, இணைசேர இரண்டு வகைகள் உண்டு. சோதித்தவற்றில் பெரும்பாலும் ஒரு வகை குதிரை மேல், எதிர் வகை மனிதத் தலையில். ஒருவர் லாயத்தில், ஒருவர் பள்ளிக்கூடத்தில் குடியிருந்தால் கல்யாணம் எப்படி நடக்கும்? இரண்டும் பிரம்மச்சாரியாகவே பல்கிப் பெருகிக்கொண்டிருக்கின்றன.

கல்யாண விஷயம் பூஞ்சையியலில் எப்போதுமே தகராறுதான். இத்தாலியர் நன்னீஸி 1927-இலேயே இவற்றில் ஒன்றின் இணைசேர்ந்த நிலையைப் பார்த்து எழுதினார். தட்டில் வேறு ஏதோ கலந்துவிட்டது என்று ஒதுக்கிவிட்டார்கள். முப்பது ஆண்டுகளுக்குமேல் கழித்து, 1960-61-இல் மற்றவர்களும் பார்த்த பிறகுதான் நம்பினார்கள். நம்பிய வேகத்தில், ஒரே பூஞ்சைக்குக் கல்யாணத்துக்கு முன் ஒரு பெயர், பின் ஒரு பெயர் என்று முன்பே இருந்த விதி இவற்றையும் பிடித்துக்கொண்டது. 2011 மெல்போர்ன் தாவரவியல் மாநாடு வரை இந்த அமர்க்களம். அன்றைக்குத்தான் ஒரு பூஞ்சைக்கு ஒரு பெயர் என்று முடிவெடுத்தார்கள்.

டிஎன்ஏவின் எழுத்தைப் படித்துப் பார்ப்பது என்று வந்ததும், எல்லாரும் பிடித்துக்கொண்ட இடம் ஐடிஎஸ் என்னும் துண்டு. ரைபோசோம் ஜீன்களுக்கு நடுவே கிடக்கும் இது நகலெடுக்கப்பட்டதும் வெட்டி எறியப்படும். புரதம் செய்யாது, சொல்லிக்கொள்ளும்படி வேலை இல்லை. வேலை இல்லாததால் கண்டிப்பும் இல்லை, எழுத்துகள் தாராளமாக மாறும். அதனாலேயே அடையாளம் காண ரொம்ப வசதி. 2012-இல் பூஞ்சை உலகம் முழுவதற்கும் இதுவே அடையாளக் குறி என்று முன்மொழிந்தார்கள். அதற்கும் முன்பே பெர்லினில் ஈவோன் க்ரேசர் குழு இதைக் கொண்டு படைப் பூஞ்சைகளைப் பிரித்து மேயத் தொடங்கியிருந்தது. ரூப்ரத்தின் அக்கம்பக்கத்தில் தனித்தனி இனம் என்று ஜம்பமாக உட்கார்ந்திருந்த பல பெயர்கள் ஒரே ஆளின் வேஷங்கள் என்று தெரிந்தது. நிறத்தை நம்பி வைத்த பெயர்களுக்குக் கொத்தாகச் சாவு.

2017-இல் டச்சுக்காரர் சிப்ரன் டெ ஹோக்கும் சகாக்களும் பல ஜீன்களைச் சேர்த்துப் படித்துவிட்டு, எம்மன்ஸின் மூன்று வீட்டை ஏழு வீடாகவும், போதாததற்கு ஓரிரண்டு திண்ணையாகவும் பிரித்தார்கள். பாவம், அந்த நன்னீஸிக்கு நன்னீஸியா என்ற அவர் பெயரிலான பழைய வீடு திரும்பக் கிடைத்துவிட்டது. மைக்ரோஸ்போரமாக இருந்த ஜிப்சியம் காலையில் எழுந்து பார்த்தால் நன்னீஸியா. இதில் அதிர்ச்சியடைய ஓசூர்க்காரருக்கு ஒன்றுமில்லை. திப்பு கையில் இருந்து கம்பெனி கைக்கு வந்தோம், சேலம் ஜில்லாவில் இருந்தோம், 1965-இல் தருமபுரி என்றார்கள், 2004-இல் கிருஷ்ணகிரி என்றார்கள். ஊர் ஓர் அங்குலம் நகரவில்லை. மாறியது ரப்பர் ஸ்டாம்ப் மட்டும்.

ஸ்டாம்ப் திரும்பவும் மாறும் என்பதற்கு ட்ரைகோஃபைட்டான் மென்டாக்ரோஃபைட்டிஸ் சாட்சி. எலி, முயல், கினிப்பன்றி, மனிதன் என்று எல்லார் மேலும் ஏறும் பழைய பெயர் இது. 1999-இல் விதிப்படி ஆராய்ந்து, இந்தப் பெயருக்கு உரிய ஆள் எலி ஃபாவஸ் பூஞ்சை மட்டுமே, மற்ற எல்லாரும் இனி இன்டர்டிஜிட்டேல் என்றார்கள். லேப்காரர்கள் புத்தகத்தில் அடித்துத் திருத்தினார்கள். 2017-இல், இல்லையில்லை, எலிக்காரருக்குக் குவின்கியானம் என்ற அவருடைய பழைய பெயரே இருக்கட்டும், விலங்கிலிருந்து வருபவர்கள் மறுபடி மென்டாக்ரோஃபைட்டிஸ் என்றார்கள். லேப்காரர்கள் இந்த முறை பென்சிலில் எழுதினார்கள் என்று நினைக்கிறேன்.

இந்தக் கூட்டத்தில் ஒரு கிளைதான் நம் ஊர் ஹீரோ. சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு ஓசூரின் மனிதத் தோல் கணிசமாகப் பெருகிவிட்டது. லாரி, கடிகாரம், மொபெட் காலத்தில் சேலத்துக்காரரும் ஆந்திராக்காரரும் வந்தார்கள். இப்போது ஒடிசாவும் ஜார்கண்டும் பீகாரும் வருகின்றன. எட்டு மணி நேர ஷிப்ட், தடித்த யூனிபார்ம், அதன் மேல் ஏப்ரான், அறைக்கு ஆறு பேர், ஒரே கொடியில் ஆறு ஈர டவல், சரியாகக் காயாத ஜீன்ஸ். தோலின் புரதமான கெரட்டினைத் தின்று வாழும் ஒரு ஜீவனுக்கு வேறென்ன வேண்டும்?

ஷிப்ட் விட்ட நேரத்தில் ஏதாவது ஒரு மெடிக்கல் ஷாப் முன்னால் நின்று பாருங்கள். "ண்ணா, படர்தாமரைக்கு ஏதாவது குடுங்கண்ணா" என்கிறார் ஒருவர். அத்திப்பள்ளியிலிருந்து வந்தவர் கஜகர்ணா என்கிறார். ஜார்கண்ட் பையன் 'தாத்' என்று சொல்லிவிட்டு, புரியாதோ என்று பெல்ட்டுக்குக் கீழே கையைக் காட்டுகிறான். கடைக்காரர் மூன்று மொழிக்கும் ஒரே டியூபை எடுத்து வைக்கிறார். "நைட்ல தடவு தம்பி, ரெண்டு நாள்ல நின்னுடும்."

நிற்கத்தான் செய்கிறது. டியூபின் முதுகைத் திருப்பி அந்தப் பொடி எழுத்தைப் படித்தால் காரணம் தெரியும். பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, வேறு எதற்கோ ஒன்று, கூடவே கம்பீரமாகக் க்ளோபெட்டசால். தோலுக்குத் தடவும் ஸ்டீராய்டுகளிலேயே மகா பலசாலி. அது தோலின் காவல்காரர்களைத் தூங்க வைக்கிறது. அரிப்பு போகிறது, சிவப்பு போகிறது, வட்டத்தின் கரை மங்குகிறது. உள்ளே பூஞ்சை நிதானமாகத் தொடையிலிருந்து இடுப்புக்கும், இடுப்பிலிருந்து முதுகுக்கும் கிளை திறக்கிறது. டியூபை நிறுத்தினால் ஜோராகத் திரும்பி வருகிறது, ஆகவே இன்னொரு டியூப். அதில் பாதி பக்கத்துப் படுக்கைக்காரருக்கு. ஸ்டீராய்டால் அடையாளமே தெரியாமல் மாறிப்போன படைக்கு 1968-இலேயே பிரிட்டிஷ் டாக்டர்கள் மாறுவேஷப் படை என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 தோல் ஸ்டீராய்டுகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஆணை போட்டது. சீட்டு இருக்கிறதா என்று ஜார்கண்ட் பையனிடம் யார் கேட்டார்கள், அவன் எந்த மொழியில் பதில் சொன்னான் என்பதை ஆணை சொல்லவில்லை.

டியூபிலும் மாத்திரையிலும் இருந்த டெர்பினஃபைன் என்ற மருந்து, பூஞ்சையின் ஸ்குவாலீன் எபாக்சிடேஸ் என்னும் நொதியைப் பிடித்து நிறுத்தும். நொதி நின்றால் பூஞ்சைக்குத் தோல் கட்ட முடியாது. பல வருடம் கச்சிதமாக வேலை செய்தது. 2018-இல் தில்லி வல்லபபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தில் அனுராதா சௌத்ரியின் குழு பார்த்தபோது, பல பூஞ்சைகள் இந்த மருந்தில் குளித்துவிட்டுச் சுகமாக இருந்தன. அந்த நொதியின் 397-ஆவது இடத்தில் ஃபினைல்அலனின் இருக்க வேண்டியது லூசின் ஆகியிருந்தது. ஒரே ஓர் எழுத்துப் பிழை. பாஸி கால் நூற்றாண்டுக்கும் மேல் பட்ட பாட்டுக்கு இணையான காரியத்தைப் பூஞ்சை ஓர் எழுத்தில் முடித்துவிட்டது.

இந்தப் பூஞ்சைக்கு அப்போது உருப்படியான பெயர் இல்லை. இன்டர்டிஜிட்டேல் என்றவர் உண்டு, மென்டாக்ரோஃபைட்டிஸ் ஐடிஎஸ் ரகம் 8 என்றவர் உண்டு. மூதாதை விலங்கு மேல் இருந்திருக்கும், பேரன் மனிதனிடமே நிரந்தரமாகத் தங்கிவிட்டான் என்று கருதுகிறார்கள். மனிதனிலிருந்து மனிதனுக்கே தாவுகிறது, மாட்டையும் பூனையையும் நம்பி இல்லை. 2020-இல் ஜப்பானில் ருய் கானோவும் சகாக்களும் இது தனி இனம் என்று சொல்லி ட்ரைகோஃபைட்டான் இண்டோடினியே என்று பெயர் வைத்துவிட்டார்கள். 2023 மே மாதம் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் நியூயார்க்கில் இரண்டு பெண்களுக்கு இது வந்திருப்பதாக அறிவித்தது. ஒருவர் வங்கதேசத்தில் இருந்தபோதே வாங்கி வந்தவர், இன்னொருவர் வெளிநாட்டுப் பக்கமே போகாதவர். அமெரிக்கப் பத்திரிகைகள் அலறின. நம் ஊரில் அதே வாரம் அதே டியூப் அதே விலைக்குப் போய்க்கொண்டிருந்தது.

பெயரில் இந்தியா ஏன் என்று நம் தோல் மருத்துவர்களில் சிலர் சண்டைக்கு நின்றார்கள். நியாயம்தான். முன்பே ஒருமுறை புது தில்லியின் பெயரை ஒரு பாக்டீரியாவின் ஜீனுக்கு வைத்து, லான்செட் ஆசிரியரே 2011-இல் வருத்தம் தெரிவிக்கும் அளவுக்குப் போனது. சலவைத் தொழிலாளி, மதுரை, புது தில்லி, இப்போது முழு தேசம். அடுத்தது கண்டம்தான் பாக்கி. வேறு சிலர், பெயரை விடுங்கள், இது தனி இனமே அல்ல, சில எழுத்து வித்தியாசத்துக்கெல்லாம் இனமா என்கிறார்கள். ரகங்களின் எண்ணிக்கை 8-இல் நிற்காமல் ஏறிக்கொண்டே இருக்கிறது, வழக்கு நடந்துகொண்டே இருக்கிறது.

ஜப்பானியர்கள் முதன்முதலில் இண்டோடினியே என்று பெயர் சூட்டிய பூஞ்சைகளை இரண்டு பேருடைய தோலிலிருந்து எடுத்தார்கள். ஒருவர் இந்தியர். இன்னொருவர் நேபாளி. காத்மாண்டு இதுவரை பங்கு கேட்டு வரவில்லை.